பலாலியிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

பலாலியிலிருந்து இரத்மலானைக்கு நேர்கோட்டில் சுமார் 330 கிலோமீற்றர். சென்னைக்கு 355. திருச்சிக்கு 185 மட்டுமே. யாழ்ப்பாணத்தில் இருப்பவருக்கு வான்வழியில் திருச்சி கிட்டத்தட்ட அனுராதபுரம் அளவு தூரத்தில்தான் இருக்கிறது.

பறக்கும் நேரத்தைத் தேடினால் சில இணையக் கணிப்பான்கள் அரைமணி நேரம் என்று காட்டும். அதை நம்பிப் பயணத்தைத் திட்டமிட வேண்டாம். அவை பெரிய ஜெற் விமானத்தின் வேகத்தைக் கொண்டு கணக்குப் போடுபவை. பலாலிக்கு வந்துபோகும் இன்டிகோவின் ஏ.ரி.ஆர். 72 சுழல்விசிறி விமானம். மணிக்கு 500 கிலோமீற்றர் அளவில் பறப்பது. ஓடுபாதையில் ஊர்ந்து, மேலேறி, இறங்கித் தரிக்கும் நேரமும் சேர்வதால் சென்னைக்கு ஒன்றேகால் மணித்தியாலம், திருச்சிக்கு ஒரு மணித்தியாலம் என்று அட்டவணையில் போடுகிறார்கள். தூரம் பாதியானாலும் நேரம் பாதியாவதில்லை. இரத்மலானைக்கும் அவ்வகை விமானத்தில் ஒரு மணித்தியாலம் அளவில் வரும்.

ஆனால் வீட்டிலிருந்துதான் கணக்குப் பார்க்க வேண்டும். சிகிச்சைக்காகச் சென்னை செல்லும் கிளிநொச்சி வாசி பலாலிக்கு வரவே தரைவழியாக ஏறத்தாழ 80 கிலோமீற்றர். கடவுச்சீட்டு, விசா, சுங்கச் சோதனைக்காக முன்கூட்டியே போய் நிற்க வேண்டும். உள்ளூர்ப் பயணத்தில் அது இல்லை. இரத்மலானையில் இறங்கினால் வெள்ளவத்தை பக்கத்திலேயே. பஸ்ஸில் கொழும்புக்குப் போவதென்றால் வீதித் தூரம் 400 கிலோமீற்றர் அளவு, ஓர் இரவு கழிந்துவிடும்.

இந்தத் தூரங்கள் எப்போதும் இதேதான். 1947 டிசம்பரில் எயார் சிலோன் தன் முதல் விமானத்தை இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகத்தான் சென்னைக்கு அனுப்பியது. பிறகு யுத்தம் வந்தது. 1990 இல் பலாலியைச் சூழ்ந்த வலிகாமம் வடக்கு மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களின் காணிகள் உயர் பாதுகாப்பு வலயமாயின, இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. 1998 செப்டெம்பர் 29 அன்று பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் கடலில் சுட்டு வீழ்த்தப்பட்டு அதிலிருந்த 55 பேரும் மாண்டார்கள். 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டபோது குடாநாட்டாருக்கு விமானமும் கப்பலும்தான் மிச்சம். அதற்கும் பாதுகாப்புத் தரப்பின் அனுமதி வேண்டும். அனுமதிக்குக் காத்த நாட்களை எந்தக் கணிப்பானும் சேர்ப்பதில்லை.

2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, நவம்பரில் சென்னைச் சேவை தொடங்கியது. கொரோனாவால் 2020 இல் நின்று, 2022 டிசம்பரில் மீண்டது. திருச்சிச் சேவையை இன்டிகோ 2025 மார்ச் இறுதியில் ஆரம்பித்தது.

இந்தத் திருச்சி வழி வெறும் வியாபார வழியல்ல. அங்குள்ள விமான நிலையத்தை அண்டியே கொட்டப்பட்டு அகதி முகாம் இருக்கிறது. படகேறிப் போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே வளர்ந்திருக்கிறார்கள். இங்கிருந்து அவர்களைப் பார்க்கப் போகும் பெற்றோரும் சகோதரரும் முன்பு கொழும்புக்கு இறங்கி, கட்டுநாயக்காவில் விமானமேறி, மறுபடி வடக்கே பறந்தார்கள். இப்போது பலாலியில் ஏறினால் போதும். ரிக்கெற் எடுக்குமுன் அன்றைய அட்டவணையை மட்டும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். சிறிய விமான நிலையங்களின் சேவை நாட்கள் அடிக்கடி மாறும்.