திங்கள் வழியிற் கண்ட புவி

விண்வெளிச் செலவால் மாந்தர்தம் நோக்கு மாறிய வரலாற்றை ஈண்டு ஆராய்வோம். 1966 ஆகஸ்டு 23ஆம் நாள், லூனார் ஆர்பிட்டர் 1 என்னும் ஆளில்லாக் கலம், திங்களின் அருகிலிருந்து புவியைக் கருப்பு வெள்ளைப் படமாக எடுத்தனுப்பியது. 1968 டிசம்பர் 24ஆம் நாள், அப்போலோ 8 கலத்தில் போர்மன், லவெல், ஆண்டர்ஸ் ஆகிய மூவர் திங்களைச் சுற்றினர். முதல் மூன்று சுற்றுகளில் அவர்கள் புவி எழக் கண்டிலர். நான்காம் சுற்றில் கலம் திரும்பியபோது, திங்களின் விளிம்பிற்கு மேல் நீலப் புவி எழுந்தது. ஆண்டர்ஸ் அதனை வண்ணப் படமாக்கினார். உலகோர் உள்ளத்தில் நிலைத்தது இப்பின்னைப் படமே.

வண்ணம் ஒன்றே இதற்குக் காரணமோ எனின், அன்றென்க. முன்னையது பொறி எடுத்தது. பின்னையது தம் இல்லத்தைத் தொலைவினின்று நோக்கிய மாந்தர் எடுத்தது. மேலும், திங்கள்மீது நிற்பார்க்குப் புவி எழுவதும் மறைவதும் இல்லை. அது வானில் ஏறத்தாழ ஓரிடத்தே நிற்கும். அவ்வெழுச்சி சுற்றிவந்தோர் இயக்கத்தால் தோன்றியதே. ஆகவே, வியப்பின் பிறப்பிடம் காண்போரது நிலையே என்பது பெறப்படும்.

தம் கட்டைவிரலால் புவியை மறைத்துப் பார்த்ததாக லவெல் பின்னாளிற் கூறினார். அம்மூவர் ஒழிய, அன்று வாழ்ந்த மாந்தர் அனைவரும் அவ்விரலின்பின் இருந்தனர். நாம் ஆராயும் வரலாறு முழுவதும் அங்கேயே இருந்தது.