கூலியும் கொடையும்

தகடூர் என்றதும் அதியமான் நினைவுக்கு வருகிறான். கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்கு அளித்தவன் அல்லவா? அந்தத் தகடூர்தான் இன்றைய தர்மபுரி. சுமார் பதினைந்து ஆண்டுகளுக்கு முன், அங்கே பஸ் நிலையச் சுவரில் ஒரு விளம்பரம் கண்டேன். ‘ஆலை வேலைக்குப் பெண்கள் தேவை. உணவு, தங்குமிடம் உண்டு. மூன்றாண்டு முடிவில் திருமண உதவித் தொகை.’ அதியமானின் கொடை இன்னும் வற்றவில்லை போலும் என்று எண்ணிக்கொண்டேன்.

பென்னாகரம் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஓர் அம்மாள் என் மயக்கத்தைத் தெளிவித்தாள். “எம் பொண்ணும் போனா சார். ரெண்டே முக்கா வருசம் இருந்தா. மஞ்சக்காமாலை வந்து திரும்பிட்டா. கெடு முடியலேன்னு பணம் இல்லேன்னுட்டாங்க.”

அந்தத் தொகை உதவியல்ல. அவள் கூலியிலிருந்து நிறுத்தி வைத்தது. இதன் கதை வெகு தொலைவில் தொடங்குகிறது. 1974 முதல் மேல்நாடுகள் நம்மிடம் வாங்கும் ஆடைக்குக் ‘கோட்டா’ வைத்திருந்தன. 2005 ஜனவரி முதல் தேதி அது நீங்கியது. அதற்கு ஆயத்தமாக 1999-இல் மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. புது இயந்திரம் வாங்கிய கடனுக்கு, நூற்றுக்கு 5 ரூபாய் வட்டியை அரசே ஏற்றது. 2000-இல் ஆயத்த ஆடைத் தொழிலைச் சிறுதொழில் என்ற வேலிக்குள்ளிருந்து விடுவித்தது. கோவை, திருப்பூர்ப் பக்கம் நூற்பாலைகளும் ஆடைத் தொழிற்சாலைகளும் பெருகின. ஆள் வேண்டியிருந்தது. மழை பொய்க்கும் தர்மபுரி மேட்டு நிலத்தில் ஆளும் இருந்தது, வரதட்சிணைக் கவலையும் இருந்தது. தரகர்கள் வந்தார்கள்.

இயந்திரத்துக்கு உதவியதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மூன்றாண்டு தன் கூலியை முதலாளியிடம் விட்டு வைத்த பெண்ணும் கடன் கொடுத்தவள்தானே? அவளுக்கு வட்டி கொடுத்தவர் யார்? சில சமயம் முதலுக்கே மோசம் வந்தது.

சட்டம் இல்லாமல் இல்லை. கூலிக்காலம் ஒரு மாதத்தைத் தாண்டக்கூடாது என்று 1936-லேயே விதித்திருந்தார்கள். 24 மாதங்களில் 480 நாள் உழைத்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று 1981-இல் தமிழ்நாட்டுச் சட்டம் வந்தது. ‘தொழிலாளி’ என்றால்தானே சட்டம் பிடிக்கும்? ‘பயிற்சிப் பெண்’ என்று பெயர் சூட்டிவிட்டார்கள். பயிற்சியாளருக்கும் குறைந்தபட்சக் கூலி உண்டு என்று 2008-இல் மாநில அரசு ஆணையிட்டது. தையல் தொழிலுக்கு 2014-இல் உயர்த்திய கூலியை எதிர்த்து முதலாளிகள் போட்ட வழக்குகளை, 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

அன்று பஸ் வந்தது. படியில் கால் வைத்தவள் திரும்பி, “எழுதிக் கேட்டா வருமா சார்?” என்றாள். அவளுக்குச் சாதகமாகச் சட்டம் இருக்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது. விழித்துக்கொண்டு நின்றேன். பஸ் போய்விட்டது.