குளக்கட்டும் பல்கலைக்கழகமும்

வன்னிப் பெருநிலத்தில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. மாரிமழையைத் தேக்கியே மக்கள் வாழ்ந்தனர். பாவற்குளம், முத்தையன்கட்டு, விசுவமடு என ஊர்ப்பெயர்களே இதற்குச் சான்று பகரும்.

துருசு திறப்பதும் அலைகரை காப்பதும் முன்னாளில் ஊரவர் கடனாக இருந்தன. 1832இல் ஆங்கில அரசு இராசகாரிய முறையை ஒழித்தது. கட்டாய ஊழியம் தொலைந்தது நன்றே. ஆயின் கூடிக் குளந்திருத்தும் வழக்கமும் அதனோடு தளர்வுற்றது. பிழையை உணர்ந்த அரசு 1856ஆம் ஆண்டு நீர்ப்பாசனச் சட்டத்தால் பழைய வழக்கங்களுக்கு உயிரூட்ட முயன்றது. ஒரு வழக்கத்தை அழித்தல் எளிது. சட்டத்தால் மீட்டல் அரிது.

பின்னர்ப் பெருங்குளங்கள் பொறியியலாளர் கைக்கு மாறின. கனகராயன் ஆற்றை மறித்த இரணைமடு வேலை 1902இல் தொடங்கி 1920இல் நிறைவெய்தியது. 1936இல் அதனை அண்டிக் குடியேற்றம் நிகழ, கிளிநொச்சி நகராக வளர்ந்தது. வயலுக்கென அமைந்த குளம் நகரையே ஈன்றது எனலாம்.

வவுனியாவின் நிலை வேறு. அங்கு நகரம் வளர்ந்து, பழைய குளங்களைத் தன்னுள் அடக்கிக்கொண்டது. குளத்தின்கீழ் வயல்கள் மனைகளாயின. வயல் போகவே கமக்காரன் போனான். அவனோடு குளத்தின் காவலும் போயிற்று. வாய்க்கால் தூர்ந்தது, கழிவுநீர் புகுந்தது. எனினும் சூழவுள்ள கிணறுகளின் ஊற்று அக்குளத்தையே நம்பியுள்ளது.

இந்நிலத்திலேயே இன்று உயர்கல்வி நிலையங்கள் உள்ளன. 1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி, 1997இல் வளாகமாகிய வவுனியா நிலையம், 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. போர் ஓய்ந்தபின் கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியற் பீடமும் இடங்கொண்டன. நீரின் உப்பையும் வண்டலின் ஆழத்தையும் மாணவர் அளக்கவல்லர். ஆயின் எவ்வாண்டு வெள்ளம் எவ்வீட்டுப் படிவரை ஏறியது, எத்தெருவின்கீழ் எவ்வாய்க்கால் புதைந்தது என்பதை முதியோரே அறிவர். 2018 திசம்பரில் இரணைமடு வான்பாய்ந்து கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வெள்ளம் பெருகியபோது, அத்தகைய அறிவின் அருமை விளங்கியது. இரண்டும் ஒரே படத்தில் வரையப்படாவிடின் இரண்டுங் குறையே.

வயலுள்ள குளத்திற்குப் போகந்தோறும் கமக்காரர் கூட்டம் கூடி, நீர் திறக்கும் நாளைத் தீர்மானிக்கும். வயலிழந்த நகரக் குளத்திற்குக் கூட்டமில்லை. அதன் ஊற்றை உண்ணும் கிணற்றுக்காரரை ஒருங்கழைப்பாரும் இல்லை. அவர்களை அழைத்து அமர்த்துதற்கு ஏற்ற மண்டபம் பல்கலைக்கழகத்தில் உண்டு.