குதிரைச் சண்டை – 9: லா ஹார்ப்புக்கு வந்த பில்

ஜெனரல் மோட்டார்ஸில் தலைவர் பதவி கைநழுவிப் போனதும், 1968 பிப்ரவரியில் ‘பங்கி’ கனூட்சன் நேராக எதிர்முகாமில் போய் உட்கார்ந்தார் என்று சென்ற வாரம் பார்த்தோம். ஃபோர்டு கம்பெனியின் தலைவராகவே! அவருடைய அப்பா ஒரு காலத்தில் ஃபோர்டை விட்டு விலகி ஜெனரல் மோட்டார்ஸுக்குப் போய்த் தலைவரானவர். மகன் பழைய பாக்கியைத் தீர்த்துவிட்டார்.

கனூட்சனுக்கு நாஸ்கார் பந்தயத்தில் கிரைஸ்லரின் ஹெமி இன்ஜினை வீழ்த்தியாக வேண்டும். ஃபோர்டிடம் 429 கன அங்குல இன்ஜின் இருந்தது. ஆனால், அதைக் குறைந்தது 500 கார்களில் வைத்துப் பொதுமக்களுக்கு விற்றால்தான் பந்தயத்தில் ஓட்டலாம் என்பது விதி. இங்கேதான் வேடிக்கை. பந்தயத்துக்குப் போனது டொரினோ டல்லடேகா. விற்பனைக்கு இன்ஜினைச் சுமந்ததோ மஸ்டாங்!

அதன் பானெட்டுக்குள் இந்த இன்ஜின் நுழையவே இல்லை. மிச்சிகனில் பிரைட்டன் என்ற ஊரில் இருந்த கார் கிராஃப்ட் பட்டறையில் முன்பக்கத் தகடுகளை மாற்றியமைத்து இடம் பண்ணினார்கள். பேட்டரி டிக்கிக்குப் போயிற்று. கனூட்சனின் பின்னாலேயே ஃபோர்டுக்கு வந்த டிசைனர் லாரி ஷினோடா வைத்த பெயர்: ‘பாஸ்’.

ஜெனரல் மோட்டார்ஸின் செவ்ரலேயிலும் சும்மா இருக்கவில்லை. கமாரோ அளவுள்ள காரில் 400 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் கூடாது என்பது மேலிடத்து உத்தரவு. வின்ஸ் பிகின்ஸ் என்ற அதிகாரிக்குச் சந்து ஒன்று தெரியும். டாக்சிக்கும் போலீசுக்கும் மொத்தமாகக் கார் செய்துதரும் ‘கோப்போ’ ஆர்டர் அது. இல்லினாய் மாநிலத்துச் சிற்றூர் லா ஹார்ப்பின் டீலர் ஃபிரெட் கிப், அந்த வழியில் 50 கமாரோக்கள் கேட்டார். முழுக்க அலுமினியத்தில் வார்த்த 427 இன்ஜின், பெயர் இசட்எல்1. ஏட்டில் 430 குதிரைசக்தி. நிஜத்தில் 500-க்கும் மேல்.

எல்லா டீலர்களுக்கும் சேர்த்து மொத்தம் 69 தான் செய்தார்கள். பாஸ் 429 இரண்டு வருடங்களில் 1,300-ஐத் தாண்டியது. இன்றைய ஏலத்தில் கமாரோவுக்கே விலை அதிகம். ஆனாலும் பணம் என்னுடையதாக இருந்தால் மஸ்டாங் பக்கம்தான் சாய்வேன். அதன் கதவில் ‘கேகே’ என்று தொடங்கும் எண் ஒட்டியிருக்கும். சேசிஸ் எண்ணின் ஐந்தாவது இடத்தில் ‘இசட்’ இருந்தால் இன்ஜின் இன்னதென்று சந்தேகமில்லை. கமாரோவின் எண் ‘வி8’ என்பதோடு வாயை மூடிக்கொள்ளும். வெளியே இசட்எல்1 என்று ஒரு பட்டைகூடக் கிடையாது. இன்ஜினில் பொறித்த எண்ணையும் பழைய காகிதங்களையும் நம்ப வேண்டும். பந்தயத்தில் இன்ஜின் வெடித்து, வேறொன்று மாட்டிய கார் என்றால் பேரம் பேசவே பயமாக இருக்கும்.

1968-ன் கடைசி நாள். லா ஹார்ப்பில் முதல் கார்கள் வந்து இறங்கின. கூடவே பில்லும். சாதாரண கமாரோ 2,700 டாலர் சொச்சம். இந்த இன்ஜினுக்கு மட்டும் தனியாக 4,160! கார் ஒன்றுக்கு 7,200 டாலருக்குக் குறையாது. அதைவிட மலிவாகப் புத்தம் புதிய கார்வெட்டே கிடைக்கும்போது, அந்த ஊரில் இதை யார் வாங்குவார்? ஐம்பதையும் கூட்டினால் 3,60,000 டாலர்.

கிப் ஒரு முடிவுக்கு வந்தார். விற்காத கார்களைக் கம்பெனி தலையிலேயே கட்டிவிடுவது! டீலருக்கு அனுப்பிய காரைத் திரும்ப வாங்கி வழக்கமில்லாத செவ்ரலே அதற்கு என்ன பதில் சொன்னது?

(அடுத்த வாரம்)