கணினி சொன்ன கணக்கும் கால்நடைகளின் சாவும்

2001 பெப்ரவரி 20 ஆம் திகதி, இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியிலுள்ள கொல்களம் ஒன்றில் பன்றிகளுக்குக் கோமாரி நோய் கண்டிருப்பது உறுதியானது. நாட்டின் வடபகுதியில், நோர்தம்பர்லாந்திலுள்ள பன்றிப் பண்ணை ஒன்றிலிருந்தே நோய் பரவியது என்பது பின்னர் தெரியவந்தது. அதற்குள் ஹெக்ஸம், லோங்டவுண் சந்தைகளின் ஊடாக நோயுற்ற செம்மறியாடுகள் நாட்டின் பல பகுதிகளையும் சென்றடைந்துவிட்டன. கால்நடைகளை இடம்மாற்றுவதற்கு நாடளாவிய தடை வந்ததோ 23 ஆம் திகதிதான்.

மார்ச் மாதத்தில் நிலைமை கைமீறவே, அரசின் தலைமை விஞ்ஞான ஆலோசகர் டேவிட் கிங் நிபுணர் குழுவொன்றைக் கூட்டினார். இலண்டன் இம்பீரியல் கல்லூரியினர் ஒரு கணித மாதிரியைக் கொண்டுவந்தனர். கேம்பிரிட்ஜ், எடின்பரோ ஆய்வாளர்கள் இன்னொன்றைத் தந்தனர். நியூசிலாந்தின் மாசி பல்கலைக்கழகத்தில் உருவான 'இன்ரர்ஸ்பிரெட்' என்ற மென்பொருளும் பயன்பட்டது. பண்ணைகளின் அமைவிடம், கால்நடைகளின் தொகை, பண்ணைகளுக்கிடையிலான தூரம் ஆகியவற்றைக் கொடுத்தால், நோய் எவ்வாறு பரவக்கூடும் என்பதை இத்தகைய மென்பொருள் மீண்டும் மீண்டும் கணித்துக் காட்டும்.

கணக்குகள் சொன்ன முடிவு கடுமையானது. நோயுற்ற பண்ணையின் கால்நடைகளை 24 மணித்தியாலங்களுக்குள்ளும், அயற்பண்ணைகளின் கால்நடைகளை 48 மணித்தியாலங்களுக்குள்ளும் கொல்லவேண்டும் என்பதே அது. அரசு அதனை ஏற்றது. மே 3 ஆம் திகதி நடைபெறவிருந்த உள்ளூராட்சித் தேர்தல்கள் யூன் 7 ஆம் திகதிக்குப் பின்போடப்பட்டன. பொதுத்தேர்தலும் அன்றே நடந்தது. செப்டெம்பர் 30 ஆம் திகதி இறுதித் தொற்று பதிவானபோது, பெரிய பிரித்தானியாவில் நோய் கண்ட பண்ணைகளின் தொகை 2,026. கொல்லப்பட்ட கால்நடைகள் 60 இலட்சத்துக்கும் மேல். அவற்றுள் நோயே தீண்டாதவை ஏராளம்.

அயற்பண்ணைக் கொலை தேவைதானா என்ற விவாதம் இன்றுவரை ஓயவில்லை. அத்திட்டம் முழுமையாக நடைமுறைக்கு வருமுன்பே புதிய தொற்றுகள் குறையத் தொடங்கிவிட்டன என்றும், மாதிரிகளுக்கு ஊட்டப்பட்ட தரவுகள் குறைபாடுடையவை என்றும் மிருக வைத்தியர்கள் பலர் வாதிட்டனர். கொலை தாமதித்திருந்தால் நோய் மேலும் நீண்டிருக்கும் என்பது மாதிரியாளர்களின் பதில்.

எனினும் ஒரு விடயத்தில் பெரிதும் கருத்து வேறுபாடு இல்லை. இடமாற்றத் தடை அந்த மூன்று நாட்கள் முந்தியிருந்தால் அழிவு குறைந்திருக்கும். 2007 ஓகஸ்டில் பேர்பிரைட் ஆய்வுகூட வளாகத்திலிருந்து கசிந்த வைரசினால் சரே பகுதியில் அதே நோய் தோன்றியபோது, நோய் உறுதியான அன்றே தடை விதிக்கப்பட்டது. பாதிப்பு எட்டுப் பண்ணைகளுடன் நின்றது.

எந்த மென்பொருளாலும் இழந்த நாட்களை மீட்டுத்தர முடியாது. நோயில்லாக் காலத்தில் அதனைப் பரீட்சித்து, முதல்நாள் எடுக்கவேண்டிய முடிவை முன்கூட்டியே தீர்மானித்து வைப்பதில்தான் அதன் உண்மையான பயன் இருக்கிறது.