மக்ஸனும் மாகஸினும்

அரபு மொழியில் ‘கஸன’ என்பது ஒரு வினைச்சொல். ‘சேர்த்து வைத்தான்’ என்பது அதன் பொருள். சேர்த்து வைக்கும் இடம் ‘மக்ஸன்’. அதன் பன்மை ‘மகாஸின்’. நம் மக்கள் அன்றாடம் வழங்கும் ‘கஜானா’வும் இதே வேரில் கிளைத்ததுதான். மத்தியதரைக் கடல் துறைமுகங்களில் அரபு வணிகரோடு கொடுக்கல் வாங்கல் செய்த இத்தாலியர் இச்சொல்லைத் தம் பண்டகசாலைக்குச் சூட்டிக்கொண்டனர். பிரெஞ்சுக்காரர் அதனைக் கடைக்கு வழங்கினர். ஆங்கிலேயரோ ‘மாகஸின்’ என்று வெடிமருந்துக் கிடங்கை அழைத்தனர். 1731-இல் இலண்டனில் ஓர் ஏடு, தன்னைப் பல்வகைச் செய்திகளின் கிடங்காகக் கருதி இப்பெயரைப் பூண்டது. அன்று தொட்டு மாத ஏடுகளுக்கும் அது பெயராயிற்று. ஆக, வாசகர்கள் கையில் விரித்து வைத்திருக்கும் இவ்வேட்டுக்கும், துப்பாக்கியின் அடிவயிற்றில் தோட்டாக்களை அடுக்கி வைத்திருக்கும் சிறு பெட்டிக்கும் பெயர் ஒன்றே! இன்றைய அரபியர் அப்பெட்டியை ‘மக்ஸன்’ என்றே சொல்லுகின்றனர். ஊர் சுற்றப் போன சொல் வேறொரு தொழிலைக் கற்றுக்கொண்டு வீடு திரும்பியிருக்கிறது.

அந்தச் சிறு பெட்டியின் வரலாற்றைத்தான் ஈண்டு சொல்லப் புகுந்தேன். துப்பாக்கிக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவக்கூடும். திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர்கள் அவ்வாறு வினவுவதற்கில்லை. பாஞ்சாலங்குறிச்சியும் மணியாச்சியும் நம் மண்ணில் உள்ள ஊர்களே.

பழைய துப்பாக்கிக்கு வயிறு கிடையாது. வாய் மட்டுமே உண்டு. வாய்வழியே மருந்தைக் கொட்டி, ரவையை இட்டு, கோலால் இடித்து, காதில் சிறிது மருந்து வைத்து, பிறகுதான் சுட வேண்டும். கும்பினியின் நன்கு பழகிய சிப்பாய் நிமிடத்துக்கு மூன்று முறை சுட்டால் அது பெரிய தேர்ச்சி. ஒரு வேட்டுக்கும் மறு வேட்டுக்கும் நடுவே ஏறத்தாழ இருபது விநாடி அவன் வெறுங்கையனே. அந்த இருபது விநாடியில்தான் ஈட்டிக்காரனுக்கு வாழ்வு இருந்தது. 1801 மார்ச் இறுதியில் ஊமைத்துரையின் ஆட்கள் புதிதாக எழுப்பிய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைக் கும்பினிப் படை தாக்கியபோது, நீண்ட ஈட்டிகளை ஏந்தியவர்கள் மண் மதிலின் இடிபாட்டில் நின்று அதனைப் பின்னடையச் செய்தனர். கோட்டை விழுந்தது மே 24-ஆம் நாளில்தான். வீரமே இதற்குக் காரணம் என்பார் சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆயினும், அதே மதிலின் எதிரே நூறு ஆண்டுகளுக்குப் பிந்திய துப்பாக்கி நின்றிருந்தால் அவ்வீரம் ஒரு நாழிகை தாக்குப்பிடித்திருக்குமா என்பதையும் எண்ண வேண்டும். அவ்வாண்டு டிசம்பர் முதல் நாள் கிளைவ் பிரபு வெளியிட்ட அறிக்கை, பாளையக்காரர் கோட்டைகளை இடிக்கவும் மக்கள் ஆயுதங்களை ஒப்படைக்கவும் ஆணையிட்டது.

இந்த இடைவேளையை ஒழிக்க அறிஞர் பலர் முயன்றனர். அக்பரின் அவையில் இருந்த பத்ஹுல்லா ஷீராஸி, பதினேழு குழல்களை ஒன்றாகப் பிணைத்து ஒரே திரியால் வெடிக்கும் கருவியை அமைத்தார் என்று சொல்லப்படுகிறது. ஷீராஸி 1589-இல் காலமானார். அவருடைய அறிவை மெச்சத்தான் வேண்டும். எனினும் அவர் பெருக்கியது குழலை. உணவூட்டும் வழியை அல்ல. பதினேழும் வெடித்து ஓய்ந்த பின் பதினேழுக்கும் மீண்டும் மருந்து இடிக்க வேண்டும். பசித்த வாய் பதினேழாயிற்று, அவ்வளவே.

வழி திறந்தது தோட்டாவினால். மருந்தையும் ரவையையும் ஒரு காகிதச் சுருளில் பொதிந்து வைப்பது முதற்படி. அச்சுருளைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டியிருந்ததும், புதிய என்ஃபீல்டு துப்பாக்கியின் தோட்டாவில் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவியிருப்பதாகப் பரவிய செய்தியும், 1857-இல் இந்துச் சிப்பாயையும் முஸ்லிம் சிப்பாயையும் ஒரே நேரத்தில் கொதிப்படையச் செய்தன. இது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த கதை. அதற்கடுத்த படி பலர் கருத்தில் படுவதில்லை. சில ஆண்டுகளில் காகிதம் போய்ப் பித்தளைக் கூடு வந்தது. ரவை, மருந்து, பற்றவைக்கும் பொட்டு ஆகிய மூன்றும் ஒரே கூட்டுக்குள் அடங்கின. கடிக்க வேண்டியதில்லை, இடிக்க வேண்டியதில்லை. ஒரே அளவாக, ஒரே வடிவாக வார்க்கப்பட்ட பொருளானதால் அதனை அடுக்கலாம். அடுக்க முடிந்தது பெட்டிக்குள் போயிற்று. மக்ஸன் பிறந்தது.

அப்பெட்டியின் வேலையை அறிய நம் ஊர்க் கருப்பட்டியை நினைத்துக்கொண்டால் போதும். ஓர் ஓலைக் கொட்டானில் கருப்பட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அடியில் ஒரு சுருள்வில்லை வைத்திருப்பதாகக் கொள்வோம். மேலுள்ளதை எடுத்ததும் அடுத்தது தானே விளிம்புக்கு ஏறி வரும். தோட்டாப் பெட்டியும் அவ்வாறே. அடியில் சுருள்வில், அதன்மேல் ஒரு தட்டு, தட்டின்மேல் தோட்டாக்கள். பெட்டியின் வாயில் உட்புறம் வளைந்த இரு உதடுகள் உண்டு. அவை மேல் தோட்டா வெளியே துள்ளி விழாமல் பிடித்துக்கொள்ளும். ஆனால் பின்னிருந்து தள்ளினால் முன்னே நழுவ விடும். துப்பாக்கியின் தாழ்ப்பாள் முன்னே செல்லும்போது அத்தோட்டாவின் பின்விளிம்பைத் தள்ளிக் குழலுக்குள் சேர்க்கிறது. பின்னே வரும்போது வெறுங்கூட்டைக் கொக்கியால் இழுத்து வெளியே எறிகிறது. இத்தனைக்கும் ஆதாரம் அந்த இரு தகர உதடுகள். அவை சற்று நெளிந்தால் விலையுயர்ந்த துப்பாக்கியும் ஊமையாகிவிடும்.

பெட்டி சில துப்பாக்கிகளில் நேராகவும் சிலவற்றில் பிறைபோல் வளைந்தும் இருப்பது அழகுக்காக அன்று. பின்பக்கம் பருத்து முன்பக்கம் சிறுத்த தோட்டாக்களை அடுக்கினால் அடுக்கு தானே வளையும். பெட்டி அதற்கு இடம் கொடுக்கிறது.

தாழ்ப்பாளைக் கையால் இழுத்துத் தள்ளும் வரை அது பெட்டித் துப்பாக்கி மட்டுமே. அந்தக் கையையும் விலக்கியவர்களுள் இருவர் பெயர் நம் கதைக்கு வேண்டும். ஒருவர் ஹிரம் மாக்ஸிம். மற்றவர் ஜான் பிரௌனிங். இருவரும் அமெரிக்காவில் பிறந்தவர்கள். சுடும்போது துப்பாக்கி பின்னோக்கி உதைக்கிறதல்லவா? அதுவரை தோளை நோகச்செய்வதற்கன்றி வேறெதற்கும் பயன்படாத அவ்வுதையை இவர்கள் வேலைக்கு அமர்த்தினார்கள். உதை தாழ்ப்பாளைப் பின்னே தள்ளும். வெறுங்கூடு வெளியே விழும். அழுத்தப்பட்ட வில் தாழ்ப்பாளை மீண்டும் முன்னே கொணரும். வரும் வழியில் அடுத்த தோட்டாவை அது அள்ளிச் செல்லும். ஒரு தோட்டாவின் சாவே மறு தோட்டாவுக்கு வழிவிடுகிறது.

பிரௌனிங் இதனைக் கைத்துப்பாக்கியில் அமைத்தார். பெல்ஜியத்தின் லீயேஜ் நகரையடுத்த ஹெர்ஸ்டால் தொழிற்சாலை அதனைச் செய்து விற்றது. பெட்டியைப் பிடிக்குள்ளேயே மறைத்து வைத்ததால் அது சட்டைப் பைக்குள் அடங்கும் அளவாயிற்று. விசையை ஒரு முறை இழுத்தால் ஒரு வேட்டு. ஆனால் அடுத்தது முன்பே ஆயத்தமாக நிற்கும்.

அத்தகைய பெல்ஜிய பிரௌனிங் ஒன்றுதான் 1911 ஜூன் 17-ஆம் நாள் மணியாச்சிச் சந்திப்பில் வெடித்தது. பின்னணியை நம்மவர் அறிவர். தூத்துக்குடியில் வ.உ. சிதம்பரனார் 1906-இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியில் ஹாஜி முஹம்மது பக்கீர் சேட் ரூ.2 லட்சத்துக்கு 8,000 பங்குகளை வாங்கி அதன் முதுகெலும்பாக நின்றார். 1908-இல் சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் சிறைப்பட்டனர்; மார்ச் 13-இல் நெல்லையில் எழுந்த கலவரத்தில் காவலர் சுட்டு நால்வர் மாண்டனர். அந்நாளில் தூத்துக்குடியில் அதிகாரம் செலுத்திய ஆஷ் துரை, பின்னர் நெல்லைக் கலெக்டரானார். கொடைக்கானலுக்குச் செல்லும் வழியில், மனைவியுடன் ரயில் பெட்டியில் அமர்ந்திருந்த அவரை வாஞ்சிநாதன் மிக அருகில் நின்று சுட்டார். பின் நடைமேடையில் ஓடிக் கழிப்பறைக்குள் புகுந்து தம்மையும் சுட்டுக்கொண்டு இறந்தார்.

அச்செயல் தகுமா தகாதா என்பதை வேறோர் இடத்தில் பேசலாம். கருவியை மட்டும் நோக்குவோம். துரத்துவோர் பின்தொடர ஓடிய ஒருவர் தம் உயிரைப் போக்கிக்கொள்ள மீண்டும் மருந்து இடிக்க வேண்டியிருக்கவில்லை. மறு தோட்டா ஏற்கெனவே குழலுக்குள் ஏறியிருந்தது. 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தால் இந்தியரின் கையிலிருந்து வேட்டைத் துப்பாக்கியைக்கூட உரிமச் சீட்டுக்குள் அடக்கி வைத்திருந்த அரசுக்கு மணியாச்சி தந்த அதிர்ச்சியில் இதற்கும் பங்கு உண்டென்பது என் துணிபு.

மாக்ஸிம் வேறு வழி சென்றார். பெட்டியில் எத்தனை அடுக்க முடியும்? ஏழு, பத்து, மிஞ்சினால் முப்பது. அவர் தோட்டாக்களை ஒரு நீண்ட துணிநாடாவில் வரிசையாகச் செருகினார். ஒரு நாடாவில் 250. ஒவ்வொரு உதைக்கும் பொறி ஒரு தோட்டாவை நாடாவிலிருந்து உருவிக் குழலுக்கு ஊட்டும். நாடா ஒரு விரற்கடை நகரும். 1884-இல் அவர் காட்டிய இப்பொறி நிமிடத்துக்குச் சுமார் 600 முறை சுட்டது. விசையை அழுத்திய விரலை எடுக்கும் வரை ஓயாது.

அதன் கொடுமையை முழுமையாக அறிந்தவர்கள் சூடான் நாட்டு முஸ்லிம்கள். 1898 செப்டம்பர் 2-ஆம் நாள், உம்முதுர்மான் நகருக்கு வெளியே, மஹ்தியின் பின்வந்த கலீபா அப்துல்லாஹியின் படை திறந்த வெளியில் கிச்சனரின் படையை நோக்கி நடந்தது. பீரங்கியும் பெட்டித் துப்பாக்கியும் மாக்ஸிமும் ஒருங்கே முழங்கின. நண்பகலுக்குள் சூடானியருள் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். எதிர்த்தரப்பில் இறந்தோர் ஐம்பதுக்கும் குறைவு. பாஞ்சாலங்குறிச்சியின் ஈட்டிக்காரனுக்குக் கிடைத்த அந்த இருபது விநாடி உம்முதுர்மானில் எவருக்கும் கிடைக்கவில்லை.

நம் நாட்டில் 1919 ஏப்ரல் 13-ஆம் நாள் ஜாலியன்வாலாபாக்கில் மாக்ஸிமுக்கு வேலை வரவில்லை. டையர் கொணர்ந்த இரு கவச வண்டிகளில் இயந்திரத் துப்பாக்கிகள் இருந்தன. சந்து குறுகலாயிருந்தமையால் அவை வெளியே நின்றன. வழி இருந்திருந்தால் அவற்றையும் பயன்படுத்தியிருக்கக்கூடும் என்று ஹண்டர் குழுவின் முன் அவரே ஒப்புக்கொண்டார். உள்ளே சுட்டவர்கள் 50 சிப்பாய்கள். செலவான தோட்டாக்கள் 1,650. வகுத்தால் ஆளுக்கு 33. அவர்களுடைய லீ-என்ஃபீல்டின் பெட்டி பத்துத் தோட்டாக்களைக் கொள்ளும். ஆகவே ஒவ்வொருவனும் சராசரியாக மும்முறை தன் பெட்டியைக் காலிசெய்திருக்கிறான். ஐந்தைந்தாகத் தகரப் பட்டையில் செருகிய தோட்டாக்களைக் கட்டை விரலால் அழுத்தி நிரப்பிக்கொண்டு, அங்கே நின்று, மீண்டும் சுட்டிருக்கிறான். பத்து நிமிடம் என்கிறார்கள். பதற்றத்தில் கைதவறிச் சுட்டதென்று எவரும் சொல்லிவிட முடியாதபடி இந்தக் கணக்கு குறுக்கே நிற்கிறது.

சுட்டவர்களும் இந்தியப் படையினரே. அவர்களிடம் பெட்டித் துப்பாக்கி தரப்பட்டிருந்தது. ஆனால் அது எளிதில் தரப்பட்டதன்று. 1857-க்குப் பின் பீரங்கிகளைப் பெரும்பாலும் வெள்ளையர் படையிடமே வைத்துக்கொண்ட அரசு, கைத்துப்பாக்கியிலும் இந்தியனை ஒரு தலைமுறை பின்னே நிறுத்தியது. 1888 முதல் ஆங்கிலச் சிப்பாய் பெட்டித் துப்பாக்கி ஏந்தினான். அதன் பின்னும் பல்லாண்டுகள் இந்தியச் சிப்பாயின் தோளில் இருந்தது, ஒவ்வொரு தோட்டாவாக இட்டுச் சுடும் மார்ட்டினி-ஹென்றிதான்.

இதனினும் விந்தையானது காவலர் துப்பாக்கி. வங்காளத்தின் இஷாப்பூர்த் தொழிற்சாலையில், படையில் வழங்கிய லீ-என்ஃபீல்டுகளையே எடுத்து, குழலின் உட்புறத்தை வழவழப்பாகக் கடைந்து, .410 என்னும் வேறோர் அளவுக்கு மாற்றினர். அதன் தோட்டா படையின் தோட்டாவினின்று வேறானது. அதோடு விட்டார்களா? தோட்டாப் பெட்டி இருக்க வேண்டிய குழியில் ஒரு மரக்கட்டையைச் செருகி அடைத்தனர். காவலன் ஒரு தோட்டாவை இடுவான், சுடுவான், பின் பையைத் துழாவி அடுத்ததை எடுப்பான். பொறியியலார் பலர் நூறாண்டுகள் உழைத்துப் பெற்ற மக்ஸனை ஒரு கைப்பிடி மரம் கொண்டு அழித்துவிட்டனர். மக்களைச் சுட அவன் கையில் துப்பாக்கி வேண்டும். அவன் என்றேனும் திரும்பிவிட்டால், அதில் ஒரு வேட்டுக்கு மேல் இருக்கலாகாது. அரசுக்கு அச்சம் துப்பாக்கியிடம் அன்று, இரண்டாவது தோட்டாவிடம்.

விடுதலைக்குப் பின் நாமே தானியங்கித் துப்பாக்கிகள் செய்யத் தொடங்கினோம். தமிழகத்தில் திருச்சிராப்பள்ளித் துப்பாக்கித் தொழிற்சாலை 1966-இல் எழுந்தது. அங்கே படைகளுக்கெனச் செய்த துப்பாக்கிகளுள் வளைந்த பெட்டி உடையவையும் உண்டு. மணியாச்சி நிலையம் இன்று வாஞ்சி மணியாச்சிச் சந்திப்பு எனப் பெயர் தாங்குகிறது. ஆனால் அந்த .410 துப்பாக்கியை வெள்ளையர் தம்மோடு கொண்டுபோகவில்லை. விடுதலை பெற்ற நாட்டின் மாநிலங்கள் பலவற்றிலும் காவலர் தோளில் அது பல பதின் ஆண்டுகள் தொங்கிக்கொண்டிருந்தது, குழியில் அடைத்த மரக்கட்டையோடு.