ஒரு தொலைபேசி அழைப்பு

தியானப் பகுதி: 2 கொரிந்தியர் 1:3-7



1920 ஜனவரியில் அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. அதற்காக நெடுங்காலம் ஜெபித்தும் போராடியும் வந்த திருச்சபைகள் தேவனை ஸ்தோத்திரித்தன. ஆயினும் கள்ளச்சாராயம் பெருகியது. 1933 டிசம்பரில் அச்சட்டம் நீக்கப்பட்டது. கடைகளை மூடிய சட்டத்தால், குடிக்கு அடிமையானவனின் தாகத்தைத் தீர்க்க இயலவில்லை.

ஒன்றரை ஆண்டு கழித்து, 1935 மே 11, சனிக்கிழமை. ஒஹாயோ மாநிலத்தின் ஏக்ரன் நகரில், ஒரு விடுதியின் முன்கூடத்தில் பில் வில்சன் தனியே நின்றார். நியூயார்க் பங்குச்சந்தையில் சிறந்து விளங்கிக் குடியினால் யாவற்றையும் இழந்தவர். ஐந்து மாதங்களாகத்தான் குடியாதிருந்தார். வந்த வியாபாரக் காரியமும் தோற்றுப்போயிற்று. ஒருபுறம் மதுக்கூடம் திறந்திருந்தது. மறுபுறம் தொலைபேசியும், நகரத்துத் திருச்சபைகளின் பட்டியலும் இருந்தன. தன்னைப் போன்ற இன்னொருவரிடம் பேசினாலன்றித் தாம் தப்ப முடியாது என்று உணர்ந்த வில்சன், பட்டியலில் கண்ட வால்டர் டங்க்ஸ் என்னும் குருவானவரை அழைத்தார்.

முன்பின் அறியாத ஒருவன், தன்னைக் குடிகாரன் என்று அறிவித்து, மற்றொரு குடிகாரனைக் காட்டும்படி கேட்கிறான். நானாயிருந்தால், ஞாயிறு பிரசங்கத்தைக் காரணம் காட்டி விலகியிருக்கக்கூடும். அவரோ சில பெயர்களைக் கொடுத்து உதவினார். அதன் வழியாக ஹென்றியெட்டா சைபர்லிங் என்னும் விசுவாசியான பெண்மணி, மறுநாளே பாப் ஸ்மித் என்னும் அறுவைச்சிகிச்சை மருத்துவரை வில்சனுக்கு அறிமுகப்படுத்தினார்.

மருத்துவர் பாப், வேதம் வாசித்தும் ஜெபக் கூட்டங்களுக்குச் சென்றும் குடியை விடமுடியாமல் தவித்தவர். 15 நிமிடங்களே இருப்பேன் என்று வந்தவர், ஆறு மணி நேரம் பேசினார். காரணம், வில்சன் உபதேசிக்கவில்லை. தம் காயத்தைத் திறந்து காட்டினார். அதன்பின்னும் மருத்துவர் ஒருமுறை விழுந்தார். வில்சன் அவரைக் கைவிடவில்லை. 1935 ஜூன் 10 அன்று அருந்தியதே அவருடைய கடைசி மது. 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' இயக்கம் பிறந்த நாளாக அந்நாளே எண்ணப்படுகிறது. 1950இல் மரிக்கும்வரை அவர் ஆயிரக்கணக்கான குடிநோயாளிகளுக்குக் கட்டணமின்றி மருத்துவம் செய்தார். இன்று தமிழ்நாட்டிலும் அவ்வியக்கத்தின் கூட்டங்கள் நடைபெறுகின்றன.

அன்பானவர்களே, குடிக்கிறவனின் மனைவி நம் சபையில் ஜெப விண்ணப்பம் எழுதும்போது, 'குடும்ப சமாதானத்துக்காக' என்று மாத்திரம் எழுதுகிறாள். உண்மையை எழுத அஞ்சுகிறாள். அவளை அஞ்ச வைத்தவர்கள் நாமே. நான் பிரசங்க பீடத்தில் நின்று குடியைக் கண்டித்த நாட்கள் பல. குடிக்கிறவனோடு அமர்ந்து அவன் சொல்வதைக் கேட்ட நாட்களோ மிகச் சில. இதை வெட்கத்தோடு அறிக்கையிடுகிறேன்.

தேவன் நமக்கு அருளும் ஆறுதல் நம்மோடு நின்றுவிடுவதற்கன்று, உபத்திரவப்படுகிற பிறரைச் சென்றடைவதற்கே என்று அப்போஸ்தலனாகிய பவுல் போதிக்கிறார். விடுதலை பெற்ற சகோதரரே, உங்கள் கதையை மறைக்காதிருங்கள். இன்னொருவர் அதற்காகக் காத்திருக்கிறார். குடும்பத்தாரே, நோயாளியை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நாட்பட்ட குடியைத் திடீரென நிறுத்துவது சிலருக்கு உயிராபத்தாகும். விழுந்தவர் மறுபடியும் விழுந்தாலும், கதவை அடைக்காதிருங்கள்.

இவ்வாரம் நம் தொலைபேசி ஒலிக்கும்போது எடுக்கிறவர்களாய் நம்மைக் காண, கர்த்தர் கிருபை செய்வாராக. ஆமென்.